ஒவ்வொரு வியாழனும் படுக்கிற கடை



இந்தக் கிழமை எபிசோடில் சேர்வர் எரர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். "அதே எரர் திரும்பத் திரும்ப வந்தா என்ன செய்யிறது?" என்ற கேள்வியில் நேரம் முடிஞ்சு போச்சு. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கு. மைக்குக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுத்தில் சொல்வது கொஞ்சம் சுலபம்.

"ஒருக்கா தட்டி விடும்"

பானில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். எங்கட ஆள்தான். மரக்கறியும் மளிகைச் சாமானும் விற்கிற சின்னக் கடை. கொரோனா காலத்தில் கடையை ஒன்லைனுக்கும் கொண்டு வந்தார். முருங்கைக்காய், வல்லாரை, பொன்னாங்காணி, அரிசிமா, மிளகாய்த்தூள் என்று பொதி கட்டி ஜெர்மனி முழுக்க அனுப்புகிறார். வெப்சைட் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுது, கடைப் பகுதி வூகொமர்ஸ். பின்னால் இருப்பது வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சேர்வர்: இரண்டு கோர், 4 ஜிபி மெமரி. அந்தக் கடையின் அளவுக்கு அது தாராளம்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஏழரை மணிபோல ஃபோன் வந்தது.

"தம்பி, கடை படுத்திட்டுது. ஏதோ 504 எண்டு காட்டுது. ஒருக்கா பாரும்."

லப்டொப்பைத் திறந்து சேர்வருக்குள் போய் பிஎச்பியை ரீஸ்டார்ட் பண்ணினேன். ஒரே ஒரு கட்டளை, பத்து செக்கன். கடை திறந்துவிட்டது. அண்ணைக்குச் சந்தோசம். எனக்கும்தான்.

இரண்டு கிழமை கழித்து அதே எரர். பிறகு அதற்கு அடுத்த கிழமையும். போகப்போக அவரும் பழகிவிட்டார். "ஒருக்கா பாரும்" என்று கேட்டவர், "ஒருக்கா தட்டி விடும்" என்று கேட்கத் தொடங்கினார். நானும் தட்டி விட்டேன். மாதக் கடைசியில், ஒவ்வொரு தட்டலுக்கும் கால் மணித்தியாலம் என்று ரெக்னுங்கில் எழுதினேன்.

மூன்றாவது மாதம் அவர் ஒரு கேள்வி கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நீர் ஒவ்வொரு முறையும் திருத்திறீர். பிறகு ஏன் தம்பி அது திரும்ப வருது?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மை என்னவென்றால், நான் ஒருமுறைகூட அதைத் திருத்தவில்லை.

ஐந்தில் தொடங்கும் எண்கள்

பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்டால், சேர்வர் முதலில் மூன்று இலக்க எண் ஒன்றைத் திருப்பி அனுப்பும். 4இல் தொடங்கினால் பிழை கேட்டவர் பக்கம். இல்லாத பக்கத்தைக் கேட்டால் வருகிற 404 எல்லாருக்கும் தெரிந்தது. 5இல் தொடங்கினால், "நீங்கள் சரியாத்தான் கேட்டீங்கள், எனக்குத்தான் ஏலாமல் கிடக்கு" என்று சேர்வர் ஒத்துக்கொள்கிறது.

500, 502, 503 மூன்றும் 1996 மே மாதம் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இருக்கு. 504 அடுத்த வருடம் எச்டிடிபி 1.1உடன் சேர்ந்தது. முப்பது வருடமாகியும் இந்த நாலையும் எல்லாரும் ஒன்றாகத்தான் பார்க்கிறோம்: "சைட் வேலை செய்யேல்லை." ஆனால் நாலும் நாலு கதை.

ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர் ஓடர் எடுக்கிறார், பின்னால் குசினி. 500 என்றால் சமைக்கப் போனவர் இடையில் தடுக்கி விழுந்துவிட்டார். 502 என்றால் முன்னால் நிற்பவர் குசினியைக் கேட்டார், உருப்படியான பதில் வரவில்லை. 503 என்றால் "இப்ப ஏலாது, பிறகு வாங்கோ". 504 என்றால் முன்னால் நிற்பவர் குசினியிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார், காத்திருந்தார், கடைசியில் கைவிட்டார்.

அண்ணையின் கடையில் முன்னால் நிற்பது என்ஜின்எக்ஸ், குசினி பிஎச்பி. நாங்கள் வேறொன்றும் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் 60 செக்கன் காத்திருந்துவிட்டு 504 கொடுக்கும். ஆக, முதல் நாள் அவர் ஃபோனில் வாசித்துக் காட்டிய எண்ணிலேயே பாதிக் கதை இருந்தது. யாரும் விழவில்லை. யாரோ எதற்காகவோ ஒரு நிமிடமாகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். எதற்காக? நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்கிறதுக்கு முதலே தட்டி விட்டேன்.

தட்டினால் ஏன் சரி வந்தது? காத்துக்கொண்டு நின்ற எல்லாரையும் ரீஸ்டார்ட் வெளியே தள்ளிவிட்டுப் புது ஆட்களை உள்ளே விடும். கடை திறக்கும். ஆனால் அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்ற விவரமும் அவர்களோடே போய்விடும். தடயத்தைக் கழுவிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் "சரி வந்திட்டுது அண்ணை" என்று சொல்லியிருக்கிறேன்.

பானில் 9 இலட்சம் ரவுட்டர்கள்

கழற்றி மாட்டினால் சரி வருது, பிறகு திரும்பவும் போகுது என்ற அனுபவம் பான்காரருக்குப் புதுசில்லை. 2016 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடம். பானில் தலைமையகம் வைத்திருக்கிற டொய்ச்ச டெலிகொமின் வாடிக்கையாளர்களில் சுமார் 9 இலட்சம் பேருக்கு இன்டர்நெட், வீட்டு ஃபோன், டிவி எல்லாம் நின்றது. அப்போது அவர்களிடம் இருந்தது சுமார் 2 கோடி இணைப்பு. எல்லாருக்கும் போகவில்லை, குறிப்பிட்ட சில ரவுட்டர் வைத்திருந்தவர்களுக்குத்தான் போனது. ரவுட்டரைக் கழற்றி மாட்டினால் சிலருக்கு வேலை செய்தது. கொஞ்ச நேரத்தில் திரும்ப நின்றது.

காரணம் வீட்டுக்குள் இருக்கவில்லை. மிராய் என்ற மல்வேரின் புது வடிவம் ஒன்று, ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து பராமரிக்கப் பயன்படுகிற 7547ஆம் போர்ட்டை உலகம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தது. நோக்கம் ரவுட்டர்களைக் கைப்பற்றித் தன்னுடைய படையில் சேர்ப்பது. டெலிகொம் ரவுட்டர்களை அதனால் கைப்பற்ற முடியவில்லை. ஆனால் விடாமல் வந்த தட்டலைத் தாங்க முடியாமல் அவை உறைந்து போயின. கழற்றி மாட்டினால் எழும்பும், அடுத்த தட்டல் வரும், திரும்பப் படுக்கும். பானிலேயே இருக்கிற தகவல் பாதுகாப்புக்கான மத்திய அலுவலகமான பிஎஸ்ஐ, அரசாங்க வலையமைப்பிலும் இதே தாக்குதலைக் கண்டதாகவும் அங்கே பாதுகாப்பு தாங்கியதாகவும் அறிவித்தது. அடுத்த பெப்ரவரியில் லண்டன் லூட்டன் விமானநிலையத்தில் 29 வயது பிரித்தானியர் ஒருவர் பிடிபட்டார். 2017 ஜூலையில் கொலோன் நீதிமன்றம் அவருக்கு ஒரு வருடம் எட்டு மாதம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது.

எனக்கு இதில் பிடித்த இடம் தீர்வுதான். டெலிகொம் தன்னுடைய வலையமைப்பிலேயே தாக்குதலை வடிகட்டியது, ரவுட்டர்களுக்குப் புது மென்பொருள் தயாரித்தது. பிறகு வாடிக்கையாளர்களிடம் சொன்னது: ரவுட்டரைக் கொஞ்ச நேரம் கழற்றிவிட்டு மாட்டுங்கள்! அதே கழற்றி மாட்டுதல்தான். ஆனால் இப்போது ரவுட்டர் எழும்பும்போது திருத்திய மென்பொருளைத் தானே இறக்கிக்கொள்ளும். முதல் நாள் வெறும் தட்டலாக இருந்தது, இப்போது மருந்தை உள்ளே எடுக்கிற வழியாகிவிட்டது. கை செய்தது ஒன்றுதான். நடுவில் யாரோ காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

பிழையான திருத்தம்

அண்ணை கேட்ட பிறகு ரோசம் வந்து லொக் ஃபைலைத் திறந்தேன். பிஎச்பியின் லொக்கில் ஒரு எச்சரிக்கை வரிசையாக விழுந்து கிடந்தது. தமிழில் சொன்னால், "வேலையாட்களின் எல்லையான 5ஐ எட்டிவிட்டது, கூட்டுவதைப் பற்றி யோசிக்கவும்."

பிஎச்பியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்று ஒரு எல்லை இருக்கு. டெபியன், உபுன்டு இரண்டிலும் அதை நீங்கள் தொடாவிட்டால் அது 5. குசினியில் ஐந்து பேர். ஆறாவது ஓடர் வந்தால் ஒருவர் கை ஓயும்வரை நிற்க வேண்டும்.

லொக்கே சொல்லிப்போட்டுது, கூட்டு என்று. 5ஐ 50 ஆக்கினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றிரவு நல்ல நித்திரை.

அடுத்த வியாழன் 504 வரவில்லை. 500 வந்தது. "டேட்டாபேஸோடு தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற வேர்ட்பிரஸ்ஸின் வெள்ளைப் பக்கம். முன்னர் பிஎச்பியைத் தட்டினால் போதும், இப்போது டேட்டாபேஸும் செத்துக் கிடக்கு.

கணக்கை முதலே போட்டிருக்க வேண்டும். அந்தச் சைட்டில் ஒரு பிஎச்பி வேலையாள் சுமார் 80 எம்பி மெமரி பிடிக்கிறார். 50 பேர் என்றால் 4,000 எம்பி. சேர்வரில் இருப்பதே 4 ஜிபிதான். அதற்குள் டேட்டாபேஸும் ஒப்பரேட்டிங் சிஸ்டமும் இருக்க வேணும். மெமரி முடிந்தால் லினக்ஸ் ஒரு புரோசஸைக் கொன்று மற்றதுகளைக் காப்பாற்றும். கொல்வதற்குப் பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பதைத்தான் தெரிவு செய்யும். இங்கே அது டேட்டாபேஸ்.

லொக் பொய் சொல்லவில்லை. குசினி நிரம்பிவிட்டது என்று மட்டும்தான் அது சொன்னது. ஏன் நிரம்பியது என்று அதற்குத் தெரியாது. நான் நிரம்பினதையே நோயாக எடுத்துக்கொண்டேன். இணையத்தில் இந்த எரரைத் தேடினால் வருகிற முதல் ஆலோசனையும் அதே "கூட்டு"தான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ரெக்னுங் சொன்ன சாட்சி

எல்லையைத் திரும்ப 5க்குக் கொண்டு வந்தேன். இந்த முறை, கையை வைக்க முதல் நேரங்களை எழுதுவோம் என்று முடிவு செய்தேன். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு?

என்ஜின்எக்ஸின் லொக்கில் எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். டெபியனில் அது பதினாலு நாள்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தியதை அழித்துவிடும். மூன்று மாதக் கதையில் இரண்டு கிழமைதான் மிச்சம். பிறகு யோசித்தால், மற்றத் திகதிகள் வேறொரு இடத்தில் இருந்தன: என்னுடைய ரெக்னுங்குகளில். காசு கேட்பதற்காக ஒவ்வொரு தட்டலையும் நாள் நேரத்தோடு எழுதியிருந்தேனே!

ஒன்பது தடவை. எட்டு வியாழன், எல்லாம் பின்னேரம் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில். ஒன்று மட்டும் புதன். காலண்டரைப் பார்த்தேன். அந்தப் புதனுக்கு அடுத்த நாள் ஃப்ரோன்லைக்னாம், எங்கட மாநிலத்தில் விடுமுறை.

அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். "வியாழன் பின்னேரம் ஏழு மணிக்குக் கடையில என்ன நடக்கிறது?"

"வியாழன்தானே தம்பி மரக்கறி வாறது. பெட்டியெல்லாம் உடைச்சு, படம் எடுத்து, ஏழு மணிக்கு வட்ஸ்அப் குறூப்பில போடுவன். சனம் உடன அள்ளும்."

"லீவு வந்தா?"

"லீவு எண்டா முதல் நாளே எடுப்பன்."

மூன்று மாதமாக அவரிடம் இருந்த விடை. நான் கேட்காத கேள்வி. சேர்வருக்குள் எத்தனையோ தடவை போய் வந்தவன், கடைக்காரரிடம் கடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தருவது, நேரம் பெரிய ஆட்களையும் குழப்பியிருக்கு. 2025 நவம்பர் 18 ஞாபகம் இருக்கும். மத்தியானம் 12.20 போல எக்ஸும் சட்ஜிபிடியும் இன்னும் எத்தனையோ சைட்டுகளும் 5இல் தொடங்கும் எரர்களைக் காட்டின. அவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற கிளவுட்ஃபிளேர் படுத்திருந்தது. விசித்திரம் என்னவென்றால் அது படுத்தே கிடக்கவில்லை. விழும், தானாக எழும்பும், திரும்ப விழும். உள்ளே ஒரு பிழை என்றால் தானாகச் சரி வராதே என்று எண்ணி, இது வெளியிலிருந்து வரும் பெரிய தாக்குதலாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். தற்செயலாக, வேறு இடத்தில் ஓடுகிற அவர்களின் நிலவரப் பக்கமும் அதே நேரம் படுத்துவிட்டது. சந்தேகம் இன்னும் கூடியது.

உண்மைக் காரணம் ஒரு ஃபைல். பொட்டுகளை இனம் காண்பதற்கான அந்த ஃபைலை டேட்டாபேஸ் ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக உருவாக்குவார்கள். அன்று அந்த டேட்டாபேஸின் அனுமதிகளில் ஒரு மாற்றத்தைப் பகுதி பகுதியாகச் செய்துகொண்டிருந்தார்கள். மாற்றம் வந்த பகுதியிலிருந்து எடுத்தால் ஒரே வரிகள் இரட்டித்து வந்து ஃபைல் இரு மடங்கு பெருக்கும். மாற்றம் வராத பகுதியிலிருந்து எடுத்தால் நல்ல ஃபைல். அதை வாசிக்கிற நிரல் 200 அம்சங்களுக்கு மேல் ஏற்காது. வழக்கமாக இருப்பது சுமார் 60தான் என்பதால் அந்த எல்லையை யாரும் நினைத்தே பார்க்கவில்லை. எல்லை தாண்டினதும் நிரல் அப்படியே விழுந்தது. கூடாத ஃபைலுக்கு விழுந்து, நல்ல ஃபைலுக்கு எழும்பி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காசு சுண்டிப் பார்த்த மாதிரி. பெரும்பகுதி சரியாக 15.30 ஆகிவிட்டது.

அதாவது, அந்த ஐந்து நிமிடத் தாளம்தான் காரணத்தின் கையெழுத்து. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்களிடம் என்ன நடக்குது என்று கேட்டால் அந்த ஃபைலில்தான் வந்து நிற்கும். விழுந்து எழும்புகிற அவசரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பது லேசில்லை. அன்றைக்கே அவர்கள் முழுக்கதையையும் வெளியில் எழுதினார்கள். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

ஐந்து பேர் எதற்காகக் காத்திருந்தார்கள்?

இப்போது வியாழன் ஏழு மணி என்று தெரியும். ஆனால் வட்ஸ்அப்பில் வருகிற சனத்தின் தொகை பெரிசில்லை. லொக்கை எண்ணினால் நிமிடத்துக்கு ஐம்பது அறுபது பக்கம். அதைத் தாங்காத சேர்வர் இல்லை இது.

பிஎச்பியில் ஒரு நல்ல வசதி இருக்கு, பலர் அதைத் திறப்பதில்லை. ஸ்லோலொக். ஒரு வேலை இத்தனை செக்கனுக்கு மேல் இழுத்தால், அந்த நேரத்தில் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதி வை என்று சொல்லலாம். 5 செக்கன் என்று வைத்தேன். வியாழனுக்குக் காத்திருந்தேன். அண்ணையிடமும் சொல்லிவைத்தேன்: "இந்த முறை படுத்தா உடன தட்டமாட்டன். ரெண்டு நிமிசம் விடுங்கோ."

7.10க்குப் படுத்தது. ஸ்லோலொக்கில் ஐந்து பேரும் ஒரே வரியில் நின்றார்கள். கூடைப் பக்கத்தில் பொதிச் செலவைக் காட்டுகிற ஒரு பிளகின். வாடிக்கையாளர் கூடையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது பொதி அனுப்பும் கம்பனி ஒன்றின் சேர்வருக்குப் போய் "இந்த எடைக்கு எவ்வளவு?" என்று கேட்டு வரும். பின்னேரங்களில் அந்தப் பதில் சில நேரம் மெதுவாக வரும். சில நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல். பிளகின் எழுதினவர், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லை. அது பயன்படுத்தும் கர்ல் நூலகத்துக்கு நேர எல்லை சொல்லாவிட்டால், தொடர்பு கிடைத்தபின் பதிலுக்காக அது எவ்வளவு நேரமும் காத்திருக்கும். பிஎச்பியின் 30 செக்கன் எல்லை காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். லினக்ஸில் அந்தக் கடிகாரம் நிரல் தானே வேலை செய்யும் நேரத்தை மட்டும்தான் எண்ணும். வெளியில் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அதன் கணக்கில் வராது.

இனிக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு அரைச் செக்கன் என்றால், ஐந்து பேர் செக்கனுக்குப் பத்துப் பக்கம் கொடுப்பார்கள். நிமிடத்துக்கு 600. ஒரு பக்கத்துக்கு 60 செக்கன் என்றால், அதே ஐந்து பேர் நிமிடத்துக்கு ஐந்து பக்கம். உள்ளே நிற்பவர்களின் தொகை, வருகிற வேகத்தை ஒருவர் உள்ளே நிற்கும் நேரத்தால் பெருக்கினால் வரும். ஜோன் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. கோவில் அன்னதான வரிசைக்கும் இதுதான், சேர்வருக்கும் இதுதான். வருகிற சனம் கூடவேண்டியதில்லை, ஒவ்வொருவரும் நிற்கும் நேரம் கூடினாலே போதும், மண்டபம் நிரம்பும்.

மற்ற நாளில் கூடையைத் திறப்பது ஒருவர் இருவர். அவர்கள் மாட்டுப்பட்டாலும் மிச்ச மூன்று பேர் கடையை ஓட்டுவார்கள், யாருக்கும் தெரியாது. வியாழன் ஏழு மணிக்கு ஆறு பேர் ஒன்றாகக் கூடையைத் திறந்தால் முடிஞ்சுது. முன்பக்கத்தைப் பார்க்க வந்தவருக்கும் அதே 504. பொறுமை கெட்டு ரிஃப்ரெஷ் அடிப்பவர்கள் வரிசையில் இன்னொரு தரம் சேருகிறார்கள். முருங்கைக்காய் முடியப் போகுது என்றால் யார் அடிக்காமல் இருப்பார்கள்?

திருத்தியதும் நிரூபித்ததும்

யோசித்தால் சிரிப்பு வந்தது. ஜெர்மனிக்குள் பொதிச் செலவு அநேகமாக எடையைப் பொறுத்தது, அதுவும் அடிக்கடி மாறுவதில்லை. வருடத்தில் எப்போதாவது மாறுகிற ஒரு விலையை, கூடையைத் திறக்கிற ஒவ்வொருவருக்காகவும் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்று வேலை செய்தேன். விலைகளை இரவில் ஒருமுறை எடுத்து எங்கட பக்கத்திலேயே வைத்தோம். அப்படியும் வெளியே கேட்க வேண்டி வந்தால், 3 செக்கனுக்கு மேல் காத்திருக்காமல் அண்ணை சொன்ன ஒரு நிலையான விலையைக் காட்டும். கடைசியாக, வேலையாட்களின் எல்லையை 20 ஆக்கினேன். இந்த முறை மெமரியைக் கணக்குப் போட்டுவிட்டு.

பிறகு, அடுத்த வியாழன் வரைக்கும் கும்பிட்டுக்கொண்டு இருக்காமல், சைட்டின் பிரதி ஒன்றை எடுத்து, பொதிக் கம்பனியின் இடத்தில் 60 செக்கன் சும்மா தூங்குகிற பொய் சேர்வர் ஒன்றை வைத்தேன். பழைய அமைப்பில் ஆறு டப்பைத் திறந்ததும் கடை படுத்தது. புதிய அமைப்பில் படுக்கவில்லை. நினைத்த நேரம் ஒரு எரரை வரவைக்க முடியாவிட்டால், அதைத் திருத்திவிட்டேன் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அது தற்செயலாக வராமல் இருப்பதாகவும் இருக்கலாம்.

வியாழன் வந்தது. ஏழு மணி, எட்டு மணி. ஃபோன் வரவில்லை.

உங்கட வீட்டுக்கு

இதை வாசிக்கிற பலர் வீட்டில் சம்பளமில்லாத ஐடி டிப்பார்ட்மென்ட். மாமாவின் கடைச் சைட், தமிழ்ப் பள்ளியின் சைட், அம்மாவின் ரவுட்டர். எல்லாத்துக்கும் முதல் மருந்து கழற்றி மாட்டுதல். அது பிழையில்லை. சனம் காத்திருக்கும்போது முதலில் கடையைத் திறக்கத்தான் வேணும். ஆனால் இரண்டாம் தடவையும் வந்தால் இதைச் செய்யுங்கோ:

1. தட்ட முதல் ஒரு நிமிடம் எடுங்கோ. எரர் எண்ணை, நேரத்தை, திரையின் படத்தை எடுத்து வையுங்கோ. சேர்வர் என்றால் லொக்கைப் பிரதி எடுங்கோ. தட்டினபின் அது கிடைக்காமல் போகலாம்.

2. நேரங்களை ஒரு வரிசையில் எழுதுங்கோ. கிழமைக்கு ஒருமுறையா, இரவு மூன்று மணிக்கா, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையா? அந்தத் தாளத்தில் வேறு என்ன நடக்குது? பேக்கப், அப்டேட், வட்ஸ்அப் மெசேஜ், பெருநாள்?

3. சைட்டின் சொந்தக்காரரிடம் கேளுங்கோ. "என்ன பிழை வருது" என்று இல்லை, "அந்த நேரம் நீங்கள் என்ன செய்வீங்கள்" என்று.

4. "நிரம்பிவிட்டது" என்று லொக் சொன்னால், கூட்ட முதல் ஏன் நிரம்பியது என்று பாருங்கோ.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றினதை எழுதி வையுங்கோ. நான் மூன்றையும் ஒன்றாகச் செய்தேன் என்று பிடிக்க வேண்டாம், பிரதியில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான்.

6. எரரை நீங்களே வரவைத்துப் பாருங்கோ. பிறகு திருத்துங்கோ. பிறகு திரும்பவும் வரவைக்கப் பாருங்கோ.

கடைசி ரெக்னுங்

கிளவுட்ஃபிளேர் அன்றைக்கே முழுக்கதையையும் வெளியிட்டது என்று சொன்னேன். எங்கே பிழைத்தோம், முதலில் எதைத் தவறாகச் சந்தேகப்பட்டோம் என்பது உட்பட, நிமிடக் கணக்கோடு. தலைமை அதிகாரி மத்தியூ பிரின்ஸின் பெயரிலேயே அது வந்தது. இந்தத் துறையில் அதைப் போஸ்ட்மோர்ட்டம் என்பார்கள். யாரையும் குற்றஞ்சாட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுதுவது. பெரிய கம்பனிகளின் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். தனி ஆளுக்குத்தான் அது கூடத் தேவை என்று இப்போது படுகிறது. ஏனென்றால் எங்களைக் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

அண்ணைக்கு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினேன். என்ன நடந்தது, ஏன் திரும்பத் திரும்ப வந்தது, நான் எங்கே பிழை விட்டேன், இப்போது என்ன மாற்றம். கடைசி வரியில், ஒன்பது தட்டலுக்கும் வாங்கின காசை இந்த மாத ரெக்னுங்கில் கழித்திருக்கிறேன் என்று போட்டேன். தெரிந்துகொண்டு ஏமாற்றவில்லை. ஆனால் தட்டினதற்குக் காசு வரும்வரை காரணத்தைத் தேட எனக்கு அவசரமும் இருக்கவில்லை. மணித்தியாலக் கணக்கில் வேலை செய்யிற எல்லாரும் ஒருமுறை யோசிக்க வேண்டிய இடம் இது.

அவர் வாசித்துவிட்டு ஃபோன் எடுத்தார்.

"காசு கிடக்கட்டும் தம்பி. சனம் ஒண்டா வாறதாலதான் எண்டு முதலே கேட்டிருந்தீரெண்டா, நான் மெசேஜை ரெண்டு குறூப்பாப் பிரிச்சு, அரை மணித்தியாலம் விட்டு அனுப்பியிருப்பன். நீர் ஒண்டும் செய்திருக்கத் தேவையில்லை."

காசைக் கழித்துத்தான் அனுப்பினேன். அவர் இப்போதும் வியாழன் ஏழு மணிக்கு ஒரே தரத்தில்தான் மெசேஜ் போடுகிறார்.

உங்கட வீட்டிலயோ வேலையிலயோ திரும்பத் திரும்ப வருகிற எரர் ஏதும் இருந்தால், நேரங்களை எழுதி இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கோ. அடுத்த எபிசோடில் ஒன்றிரண்டை எடுத்துக் கதைப்பம். எரரின் படம் மட்டும் அனுப்பாதேங்கோ, நேரம்தான் முக்கியம்.

அடுத்த கிழமை சந்திப்பம்.